நொறுங்கிய வண்டிக்கு நியாயமான விலை எது?

விபத்தில் சிக்கிய மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பதில் பயனில்லை, அதை முழு நஷ்டமாகக் கொள்வதே முறை என்று காப்புறுதிக் கம்பெனி எழுதிவிடுகிறது. எழுதிய கையோடு ஒரு தொகையையும் குறிப்பிடுகிறது. வண்டிக்காரர் மனத்திலோ வேறொரு தொகை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பல ஆயிரம் வெள்ளி வித்தியாசம் இருக்கவும் கூடும். அந்த ஆயிரங்கள் யாருடைய ஹக்கு? இதையே நாம் ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசலின் வெளியே நின்று பேசும் வியாபாரச் சகோதரர்களிடம் இக்கேள்வியைப் போட்டுப் பார்த்தால் இருவகை அபிப்பிராயம் வரும். "இன்ஷூரன்ஸ் என்பதே சந்தேகத்துக்குரிய சரக்கு, அதில் வருவதை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருப்பதுதான் பேணுதல்" என்பர் ஒரு சாரார். "கம்பெனிப் பணம் கடல் தண்ணீர். வருஷா வருஷம் நம்மிடம் வாங்கினானே, இப்போதாவது கறக்க வேண்டாமா?" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பேணுதலின் பெயரால் தம் ஹக்கைக் கைவிடுகிறார். பின்னவர் ஹக்கின் பெயரால் பிறர் ஹக்கில் கை வைக்கிறார். இரண்டும் நமக்கு உடன்பாடன்று.

முதல் சாராரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அது பழைய அச்சம், கற்றறிந்தோரின் அச்சம். ஹனபி மத்ஹபின் பேரறிஞரும் 1836இல் திமிஷ்கில் மறைந்தவருமான இப்னு ஆபிதீன் அவர்கள், ஐரோப்பியரிடம் நம் வணிகர் பணம் கட்டிச் சரக்குக்குப் பாதுகாப்புத் தேடிக்கொள்ளும் வழக்கத்தை ஆராய்ந்து, கெட்டுப்போன சரக்குக்கு அவ்வழியில் ஈடு வாங்குவது ஆகாதென்றே எழுதினார்கள். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுக் கழகமும் வர்த்தகக் காப்புறுதியை மறுத்துக் கூட்டுறவு முறையிலான காப்புறுதியை ஏற்றது. பக்கத்து நாடான மலேசியா அதற்கு முந்திய ஆண்டே தகாஃபுல் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் சிங்கப்பூர்ச் சாலையில் வண்டி ஓட்டுபவர், பிறருக்கு நேரும் உடற்சேதத்துக்காகவேனும் காப்புறுதி எடுத்தே தீர வேண்டும். 1960ஆம் ஆண்டிலிருந்து இது சட்டம். தவணைக்கு வண்டி வாங்கியவரிடம் கடன் கொடுத்த கம்பெனி முழுக் காப்புறுதியே கேட்கிறது. இதில் தம் நிலை என்னவென்று அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளியட்டும். ஃபத்வா சொல்வது நம் வேலையன்று. நாம் சொல்வது ஒன்றுதான்: மற்றவன் பிழையால் நம் வண்டி அழிந்திருந்தால், அழித்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்திய நீதி. அவனுக்காக ஒரு கம்பெனி கொடுப்பதால் அந்த நீதி சந்தேகத்துக்குரியதாகிவிடாது.

அந்த நீதியை நாம் எங்கே கற்றோம்? பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் இல்லத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்திருக்கிறது. பெருமானார் தம் மனைவியருள் ஒருவர் வீட்டில் இருந்தபோது மற்றொரு மனைவியார் உணவு அனுப்பினார். ரோஷம் மேலிட்டதால் அவ்வீட்டு அம்மையார் தட்ட, பாத்திரம் கீழே விழுந்து உடைந்தது. அண்ணலார் சினக்கவில்லை. சிதறிய உணவைத் தாமே பொறுக்கிச் சேர்த்தார்கள். உடைத்தவர் வீட்டிலிருந்து முழுப் பாத்திரம் ஒன்றை வரவழைத்து, உடைந்ததற்கு உரியவருக்கு அதைக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்த பாத்திரத்தை உடைந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இதில் இரண்டு சட்டம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இழந்தவருக்கு இழந்ததற்கு ஒத்தது கிடைத்தது. வெள்ளிப் பாத்திரம் கிடைக்கவில்லை, ஓட்டைப் பாத்திரமும் கிடைக்கவில்லை. ஈடு கொடுத்தவருக்கு உடைசல் சேர்ந்தது. இழந்தவர் புதியதையும் வாங்கிக்கொண்டு உடைந்ததையும் எடுத்துப் போகவில்லை. இன்றைய காப்புறுதிப் பத்திரங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் இவ்வளவே.

ஆனால் பாத்திரத்துக்கு ஒத்த பாத்திரம் அலமாரியில் இருந்தது. வண்டிக்கு ஒத்த வண்டி எங்கே இருக்கிறது? ஃபிக்ஹு நூலார் பொருள்களை இருவகையாகப் பிரிப்பர். அரிசி, கோதுமை போல ஒன்றுக்கு மற்றொன்று அப்படியே ஈடாவன ஒரு வகை. கால்நடை போல ஒன்றைப்போல் ஒன்று இராதன மற்றொரு வகை. பின்னதற்கு விலையே ஈடு. ஓடித் தேய்ந்த மோட்டார் வண்டி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே விலை கட்ட வேண்டும். கட்டும்போதுதான் தகராறு பிறக்கிறது. அதிலும் சிங்கப்பூரில் இரட்டிப்பாகப் பிறக்கிறது.

ஏனெனில் இங்கே வண்டி என்பது பாதி இரும்பு, பாதி காகிதம். 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது முதல், வண்டியை ஓட்டும் உரிமையைப் பத்தாண்டுக்கு ஏலத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஏலம் கடல் அலை போல ஏறி இறங்கும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 106,000 வெள்ளிக்குப் போயிற்று. 2024 ஜனவரியின் முதல் ஏலத்தில் அதே சான்றிதழ் 65,010 வெள்ளி. மூன்று மாதத்துக்குள் 40,000 வெள்ளிக்கு மேல் வீழ்ச்சி! புதுச் சான்றிதழ் ஏறினால் பழைய வண்டியின் சந்தை விலையும் பின்னாலேயே ஏறும், இறங்கினால் இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சகோதரர் ஒருவர் ஐந்தாண்டுக்கு முன் 48,000 வெள்ளிச் சான்றிதழில் கார் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று வண்டி நொறுங்கிப் பதிவு ரத்தாகிறது. மீதமுள்ள ஐந்தாண்டுக்குரிய 24,000 வெள்ளியை நிலப் போக்குவரத்து ஆணையம் திருப்பித் தரும். பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கும் வண்டியின் வயதைப் பொறுத்துத் திரும்பலாம். இந்தத் தொகைகளைக் கூட்டி, இரும்புக்கு ஏதோ கொஞ்சம் சேர்த்து, "இதுதான் உங்கள் வண்டியின் விலை" என்று யாரேனும் சொன்னால் அது சரியா? சரியன்று. ஆணையம் திருப்புவது அன்று கட்டிய விலையின் மீதி. சந்தையில் அந்த ஐந்தாண்டு உரிமைக்கு இன்று என்ன மதிப்பு என்பது வேறு. சான்றிதழ் 100,000 வெள்ளிக்கு விற்கும் காலத்தில், ஐந்தாண்டு மீதமுள்ள கார் ஒன்றை அவர் மீண்டும் வாங்கப் போனால் எந்தத் தரகரும் 24,000 கணக்கில் தரமாட்டார். அதேபோல் ஏலம் விழுந்து கிடக்கும் காலத்தில், "நான் அன்று இவ்வளவு கொட்டிக் கொடுத்தேனே" என்று அழுவதும் எடுபடாது. தேக்காவில் மல்லிகைப்பூ விற்பவர் காலையில் வாங்கிய விலையைச் சொல்லி இரவில் விற்க முடியுமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. சந்தை விலை 60,000 என்று ஒப்புக்கொண்ட கம்பெனி, 60,000த்தையும் கொடுத்துவிட்டு ஆணையம் தரும் தொகையைத் தான் எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஆணையம் உங்களுக்கு 30,000 தரும் என்று கழித்துக்கொண்டு மீதி 30,000த்துக்கு மட்டும் காசோலை எழுதலாம். இரண்டும் ஒன்றே. கடிதத்தில் பாதித் தொகையைக் கண்டதும் "ஏமாற்றிவிட்டான்" என்று கொதிக்க வேண்டாம். அதே சமயம், முழுத் தொகையும் வாங்கிக்கொண்டு ஆணையத்தின் தொகையும் தம் கணக்குக்கு வந்துவிட்டால் வாய்மூடி இருப்பதும் கூடாது. அது உடைந்த பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போவதாகும்.

எந்நாள் விலை? இது நம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்த விஷயம். பிறர் பொருளைப் பறித்து வைத்திருந்தவன் கையில் அது அழிந்தால், பறித்த நாளின் விலை என்றார்கள் இமாம் அபூ ஹனீஃபா. பறித்த நாளுக்கும் அழிந்த நாளுக்கும் இடையே இருந்த உச்ச விலை என்றது ஷாபிஈ மத்ஹபு. பறிக்காமல் அழித்துவிட்டவனுக்கோ அழிந்த நாளின் விலைதான். இங்குள்ள காப்புறுதிப் பத்திரங்களும் பொதுவாக இதையே, விபத்து நேர்ந்த வேளையின் சந்தை விலை என்றே, கூறுகின்றன. அக்டோபரில் நொறுங்கிய வண்டிக்கு ஜனவரி விலையைக் காட்டினால் மறுக்க நமக்கு உரிமை உண்டு. ஜனவரியில் நொறுங்கியதற்கு அக்டோபர் விலையைக் கேட்க நமக்கும் உரிமையில்லை. (ஊரிலும் கார் வைத்திருப்போர் ஒன்றறிக: இந்தியாவில் இத்தொல்லை குறைவு. அங்கே பத்திரம் எடுக்கும்போதே வண்டியின் மதிப்பை எழுதிவிடுகிறார்கள். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் 30 விழுக்காடு தேய்மானம், நான்கிலிருந்து ஐந்துக்குள் 50 என்று அட்டவணையே உண்டு. பழுதுச் செலவு அம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு நஷ்டம். அங்குள்ள வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வாதிடப் போனால் செல்லாது.)

இனி, பேரம். வியாபாரிகளாகிய நமக்குப் பேரம் பேச யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெருமானாரும் பேரம் பேசியிருக்கிறார்கள். ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் களைத்துப்போன ஒட்டகத்தை வழியிலேயே ஓர் ஊக்கியாவுக்கு விலை கேட்டார்கள். ஜாபிர் முதலில் இசையவில்லை. மீண்டும் கேட்கவே, வீடு சேரும்வரை தாமே ஏறிவரும் நிபந்தனையுடன் விற்றார். மதீனா சேர்ந்ததும் விலையைப் பெற்றுக்கொண்டு திரும்பியவரை அழைத்து, ஒட்டகத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள் அண்ணலார். ஆகவே ஒருவர் கேட்பதும் மற்றவர் மறுப்பதும் மார்க்கத்தில் குறையல்ல.

"அப்படியானால் கம்பெனியிடமும் 70,000 கேட்டு 60,000த்துக்கு இறங்கினால் என்ன? சந்தையில் அப்படித்தானே செய்கிறோம்?" என்று கேட்பாருளர். இங்கேதான் நாம் வேறுபடுகிறோம். சந்தையில் பேரத்தைச் சுத்தமாக்குவது எது? பிடிக்காவிட்டால் எழுந்து போகும் சுதந்திரம். வாங்குபவர் அடுத்த கடைக்குப் போகலாம்; விற்பவர் சரக்கை மீண்டும் அலமாரியில் வைக்கலாம். "இதற்குக் குறைந்து தரமாட்டேன்" என்பது அங்கே சாட்சியம் அன்று, விருப்பம். நொறுங்கிய வண்டியின் விஷயத்தில் இந்தச் சுதந்திரம் யாருக்கும் இல்லை. வண்டிக்காரர் "வேண்டாம், என் வண்டியைக் கொடு" என்று எடுத்துப் போக முடியாது; வண்டி இரும்புக் குவியலாகிவிட்டது. கம்பெனியும் "வாங்கவில்லை" என்று போக முடியாது, பத்திரம் கட்டிப்போட்டிருக்கிறது. "எவ்வளவுக்கு விற்பாய்?" என்பதன்று இங்கே கேள்வி. "எவ்வளவு பெறுமானம் இருந்தது?" என்பதே கேள்வி. முன்னதற்கு விருப்பத்தைச் சொல்லலாம். பின்னதற்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். 60,000 பெறும் என்று அறிந்தே 70,000 பெற்றது என்பவர் பேரம் பேசவில்லை, பொய்ச்சாட்சி சொல்கிறார். 60,000 பெறும் என்று அறிந்தே 48,000 என்று எழுதி, ஒப்புகிறானா பார்ப்போம் என்று காத்திருக்கும் கம்பெனி அதிகாரியும் அதையே செய்கிறார். எடுக்கும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைத்து அளப்போரைப் பற்றி ஒரு தனி சூராவே உண்டு. அதன் எச்சரிக்கை தராசுக்காரருக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணவில்லை.

இதற்கு வியாபாரி ஒரு கூர்மையான மறுப்புச் சொல்வார். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. "நான் உண்மையாக 60,000 என்கிறேன். அவன் தந்திரமாக 48,000 என்கிறான். கடைசியில் நடுவில் பிளந்து 54,000த்தில் முடிப்பார்கள். உண்மை பேசியதற்கு எனக்கு 6,000 வெள்ளி அபராதமா? நானும் 72,000 என்றிருந்தால் சரியாக 60,000 வந்திருக்குமே!" கணக்குச் சரிதான். பிழை எங்கே இருக்கிறதென்றால், நடுவில் பிளப்பதுதான் நீதி என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதில் இருக்கிறது. உண்மைக்கும் தந்திரத்துக்கும் நடுவே இருப்பது பாதித் தந்திரமே. ஆகவே தொகையோடு தொகையை மோதவிடாமல், தொகை வந்த வழியைக் கேட்க வேண்டும். "எந்த வண்டிகளோடு ஒப்பிட்டீர்கள்? அவை எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், சான்றிதழில் எத்தனை மாதம் மீதம், எத்தனை கை மாறியவை?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். நம் பக்கத்திலும் அதேபோன்ற நாலைந்து வண்டிகளின் விலை, இரண்டு தரகரின் எழுத்து, சர்வீஸ் ரசீதுகள் ஆகியவற்றை வைக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் விலை விற்கும் விலையன்று என்பது நமக்குத் தெரியாதா? அதையும் நாமே கழித்துக் காட்டினால் நம் பேச்சுக்கு எடை கூடும். இவ்வளவுக்கும் பிறகு அலைச்சலைத் தவிர்க்க ஓராயிரம் விட்டுக்கொடுத்து ஸுல்ஹு செய்துகொள்வதென்றால் செய்யலாம். தெரிந்து விடுவது பெருந்தன்மை. தெரியாமல் விடுவதற்கு அந்தப் பெயர் இல்லை.

தெரியாமல் விடுவோர்தான் நம் கவலை. 2022 டிசம்பரில் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் அந்நாட்டுக் காப்புறுதிக் கம்பெனிகளை எச்சரித்தது: முழு நஷ்டமான கார்களுக்கு நியாய விலைக்குக் குறைவாகக் கொடுக்க முன்வந்து, வாடிக்கையாளர் முறையிட்டால் மட்டும் உயர்த்துவது கூடாது என்று. அந்த எச்சரிக்கைக்குள் ஒரு பெரும் அநீதி ஒளிந்திருக்கிறது. முறையிடத் தெரிந்தவன் முழுதும் பெறுகிறான். தெரியாதவன் குறைவாகப் பெறுகிறான். வண்டி ஒன்றே, கட்டிய பிரீமியம் ஒன்றே. வித்தியாசம் ஆங்கிலம் எழுதத் தெரிவதிலும் அலைய நேரம் இருப்பதிலும்தான். சிராங்கூன் சாலையில் விடியலிலிருந்து நள்ளிரவுவரை கடையில் நிற்கும் முதியவர், வந்த கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார். படித்த பிள்ளைகள் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்த வெள்ளி அவர் கடைப் பையன்களின் சம்பளமாகும், தவணைக் கடனின் மீதியாகும். வண்டி போன பிறகும் கடன் போவதில்லையே! கம்பெனி கொடுப்பதில் முதல் பங்கு கடன் கொடுத்தவருக்குத்தான் போகிறது.

உரிமை கேட்பவரிடம் நாமும் ஒன்று கேட்கிறோம். தானியக் குவியலுக்குள் அண்ணலார் கை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கடிந்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். கியர் வழுக்கிக்கொண்டிருந்த வண்டி, முன்பே ஒருமுறை மோதிச் சேர்த்து ஒட்டிய வண்டி, விபத்தில் நொறுங்கியவுடன் பழுதற்ற வண்டியாகிவிடுமா? இடிபாடு பழைய ஈரத்தை மறைத்துவிடும். ஆனால் விற்கப் போயிருந்தால் எதைச் சொல்லியாக வேண்டுமோ அதை இங்கும் சொல்லியாக வேண்டும்.

காப்புறுதிச் சட்டத்தின் பழம்பெரும் வழக்கொன்று இதையே பேசுகிறது, அதுவும் நமக்குப் பழக்கமான பெயரோடு. சுமத்ராவில் பென்கூலன் கோட்டையின் ஆங்கில ஆளுநர் கார்ட்டர், கோட்டை அன்னியர் கையில் விழுந்தால் ஈடு கிடைக்குமாறு லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை மறைத்தார் என்று சொல்லிக் காப்புறுதி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு ஆளுநர் பக்கமே தீர்ப்பளித்தார். அவையெல்லாம் லண்டனில் இருந்தவருக்கும் தெரியக்கூடியவையே என்றார். தனக்கு மட்டும் தெரிந்ததை மறைக்கலாகாது என்ற கடமை இருதரப்பையும் கட்டும் என்றும் அவர் நிலைநாட்டினார். அந்தப் பென்கூலனின் பெயரைத்தான் தேக்காவுக்கு அருகே ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. வெள்ளைக்கார நீதிபதி சொன்னதால் அது நமக்கு உயர்ந்ததாகிவிடவில்லை. நம் சந்தையில் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லப்பட்டது அங்கேயும் வந்து சேர்ந்தது என்பதில் ஒரு மகிழ்ச்சி.

"கம்பெனிப் பணம் கடல் தண்ணீர்" என்பாருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அக்கடலில் நீர் ஊற்றுவோர் நம்மைப்போன்ற கடைக்காரரும் வேன் ஓட்டுபவருமே. பொய்க் கணக்கும் ஊதிய கணக்கும் பெருகியதால்தான் 2008 ஜூனில் பொதுக் காப்புறுதிச் சங்கம், எந்த விபத்தையும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கம்பெனிக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அந்தக் கெடுபிடியை இன்று நேர்மையானவரும் சுமக்கிறார்.

எழுதிக் கேட்டும், ஆதாரம் வைத்தும் கம்பெனி அசையாவிட்டால், 2005 முதல் இயங்கிவரும் ஃபிட்ரெக் என்னும் நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையத்துக்குத் தனி நபரும், சொந்தப் பெயரில் கடை நடத்துபவரும் போகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். ஆகாவிட்டால் தீர்ப்புச் சொல்வார்கள். முறையிட்டவர் ஏற்றுக்கொண்டால் அத்தீர்ப்பு கம்பெனியைக் கட்டும். ஏற்காவிட்டால் அவர் வேறு வழி தேடலாம். எளியவருக்குச் சாதகமாகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். அதை மிரட்டும் தடியாகச் சுழற்றாமல் இருப்பது எளியவரின் கண்ணியம்.

கையெழுத்து விஷயத்தில் அவசரம் வேண்டாம். தொகையை ஒப்பி, இனி ஒரு கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தரும் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, கழிவுகள் எவை, கடன்காரருக்கு எவ்வளவு, நம் கைக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்த பிறகே ஒப்பமிட வேண்டும். மனமொப்பி ஒப்பமிட்ட பிறகு, பக்கத்துக் கடைக்காரருக்கு மூவாயிரம் கூடக் கிடைத்ததாம் என்று கேள்விப்பட்டாலும் வாக்கு வாக்குத்தான். அன்றிலிருந்து அந்த இரும்பு நம்முடையதன்று. இழுத்துப்போக லாரி வருமுன், போன மாதம் மாட்டிய புது டயரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டச் சொல்லும் பட்டறைக்காரர்கள் உண்டு. டயரோடு சேர்த்துத்தான் விலை கட்டப்பட்டது. குர்ஆன் பிரதி, பிள்ளையின் பள்ளிப் புத்தகம், கடைச் சாவி இவற்றை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம்.